நிழலும் நிலமும்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி. இப் பழமொழியின் பொருளை வேலூர் வட்டாரத்து மக்களுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. சித்திரை பிறந்தால் போதும். பாறைக் குன்றுகள் அனலைக் கக்கும். பாலாற்று மணல் கால் வைக்க ஒண்ணாதபடி சுடும். வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்து ஏறும். அந் நாட்களில் ஒரு புங்கமரத்தடி கிடைத்தால் வழிப்போக்கனுக்கு அதுவே அரண்மனை.

நிழலை இவ்வளவு விரும்பும் நாம், நிழல் விழும் நிலத்தை எவ்வாறு நடத்துகிறோம்? வீட்டின் பின்புறம், பள்ளியின் மதிலோரம், இரு கட்டடங்களுக்கு இடைப்பட்ட சந்து, பெருமரத்தின் அடி ஆகிய இடங்களைப் பாருங்கள். உடைந்த பலகையும் பழந்தகரமும் அங்கே குவிந்து கிடக்கும். "வெயில் படாத இடத்தில் ஒன்றும் விளையாது" என்று சொல்லி அவ் விடத்தைக் கைவிட்டு விடுகிறோம். வேறு சிலர் கைவிடுவதில்லை. சிமெண்டால் மெழுகி விடுகின்றனர். இன்னும் சிலர் கடையில் கண்ட அயல்நாட்டுச் செடியைப் பணம் கொடுத்து வாங்கி வந்து நட்டு, அது வாடியதும் நிலத்தின்மேல் பழி சுமத்துகின்றனர். இம் மூன்றும் தவறு என்பதே என் கருத்து. நிழல் படும் நிலம் வீண்நிலம் அன்று. அதற்கு உரிய செடிகள் நம் காட்டிலும் வேலியிலும் தொன்றுதொட்டு வளர்ந்து வருகின்றன. அவற்றை அறிந்து நடுதலே அறிவுடைமை.

இக் கருத்தை எங்கும் கூறலாம். ஆயினும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் அடங்கிய தோல் தொழில் வட்டாரத்தில் இதனைக் கூறுவதற்குத் தனிக் காரணம் உண்டு. ஒரு செடி ஒரு வட்டாரத்தின் வாழ்வை ஆக்கியதையும், செடியை மறந்தபின் நேர்ந்ததையும் இவ்வூர்கள் கண்ணாரக் கண்டுள்ளன.

வேல மரங்கள் மிகுந்திருந்தமையால் வேலூர் எனப் பெயர் பெற்றது என்பர். வேலமும் வெள்வேலமும் ஆவாரையும் செழித்த புன்செய் நிலம் இது. ஆவாரையின் பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. அத் துவர்ப்பே தோலை அழுகாமல் காக்கும் மருந்து. முன்னோர் ஆவாரம்பட்டையை நீரில் ஊற வைத்து, அந் நீரில் ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் பல நாள் தோய்த்துப் பதப்படுத்தினர். பின்னர்க் கடுக்காய் நீரில் இட்டு நிறம் தெளியச் செய்தனர். ஆவாரைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே 'தோல் பதனிடுவோர் செடி' என்னும் பொருளுடையது. இவ்வாறு பதனிட்ட தோல் கடல் கடந்து இங்கிலாந்து சென்றது. முதல் உலகப் போர்க் காலத்தில் படைவீரர் காலணிக்கு அத் தோலை ஆங்கில அரசு மிகுதியாக வாங்கிற்று. வேலியோரத்தில் மஞ்சள் பூப் பூத்து நின்ற எளிய செடி ஒன்று, உலக வாணிகத்தில் இடம் பெற்றது வியப்பன்றோ!

தேவை பெருகியது, ஆவாரம்பட்டை போதவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து சீகைப்பட்டை கப்பலில் வந்தது. ஆசுதிரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அம் மரத்தை நீலகிரியிலும் பழனி மலையிலும் துவர்ப்புக்காகவும் விறகுக்காகவும் நட்டனர். நட்ட இடத்தோடு அது நிற்கவில்லை. மலையின் புல்வெளிகளில் புகுந்து பரவிற்று. மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு அளித்து வந்த புல்நிலம் பரந்த அளவில் மறைந்தது. இன்று அதனை அகற்ற அரசு பெரும்பாடு படுகிறது.

பிறகு குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவிற்று. பட்டையால் பல நாள் நடந்த வேலை, உப்பால் விரைவில் முடிந்தது. தொழில் வளர்ந்தது, பலருக்குச் சோறு கிடைத்தது. ஆனால் உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் பாலாற்றிலும் வயல்களிலும் பாய்ந்தது. கிணற்று நீர் கரித்தது. இத் துன்பத்தை வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் முழுதுமோ ஒரு பகுதியோ பயிருக்கு உதவாததாயிற்று என்ற செய்தி அத் தீர்ப்பிலேயே இடம் பெற்றுள்ளது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுத்தல் வேண்டும் என்னும் நெறியை நீதிமன்றம் நிலைநாட்டிற்று. அதன்பின் கழிவுநீரைத் தூய்மை செய்யும் பொது நிலையங்கள் வலுப்பெற்றன. ஆயினும் உப்பேறிய மண் ஒரு நாளில் ஆறுவதில்லை.

இவ் வரலாற்றை இங்கே கூறியது, தொழிலைப் பழிப்பதற்கு அன்று. தோல் தொழில் இலட்சக்கணக்கானோரின் வாழ்வு. அது நன்னெறியில் வளர்தலே நம் விருப்பம். நிலம் எதையும் மறப்பதில்லை என்பதை உணர்த்தவே கூறினேன். நாம் ஊற்றுவதையும் அது நினைவில் வைக்கும்; நாம் நடுவதையும் நினைவில் வைக்கும். ஆதலின் ஒரு முழ நிலத்தில் ஒரு செடி நடுவதாயினும் சிந்தித்து நடுதல் வேண்டும். 35,000 எக்டேரை மீட்கும் ஆற்றல் ஒரு மாணவனுக்கு இல்லை. மதிலோரத்து மூன்றடி நிலத்தை மீட்கும் ஆற்றல் அவனுக்கு உண்டு.

முதலில் நிழலை அறிதல் வேண்டும். நிழல் என்பது ஒரு பெயர்; அதன் வகைகளோ பல. வேப்பமரத்தின் கீழ் விழுவது புள்ளி நிழல்; இலைகளின் இடையே ஒளி சிந்திக்கொண்டே இருக்கும். மாமரத்தின் கீழ் விழுவது அடர்நிழல். மதிலின் நிழல் காலையில் ஒரு புறம், மாலையில் மறுபுறம் என இடம் மாறும். தண்ணீர்க் குழாயடி நிழல் ஈரமானது. பெருமரத்தின் அடி நிழலாயினும் வறண்டது. ஏனெனில், மழை நீரை இலைக்குடை தடுக்கும். மண்ணில் இறங்கிய நீரையும் மரத்தின் வேர் முந்திக் குடித்துவிடும். ஈர நிழலில் வாழும் செடியை வறள் நிழலில் நட்டால் அது மடியும். பழி செடியினுடையதன்று, நிழலைப் பாராமல் நட்டவருடையது.

இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். வீட்டின் வடபுறம் எப்போதும் நிழல் என்று நூல்களைப் படித்துவிட்டுச் சிலர் கூறுவர். அது குளிர்நாட்டு நூல்களின் கூற்று. வேலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. ஏப்ரல் 25ஆம் நாளை ஒட்டியும் ஆகஸ்டு 18ஆம் நாளை ஒட்டியும் ஞாயிறு நண்பகலில் நேர் தலைக்குமேல் நிற்கும். அவ் வேளையில் நட்ட கோலுக்கு நிழலே இராது. இவ் விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஞாயிறு நமக்கு வடக்கே சாய்ந்து செல்லும். ஆகவே ஆண்டின் பெரும்பகுதி நிழலில் இருந்த வடமதிலோரம், கொடிய கோடையில் வெயிலை ஏற்கும்! மாணவர் ஒரு கோலை நட்டுக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் நிழல் விழும் இடத்தைக் குறித்து வந்தால் இவ்வுண்மையைத் தாமே காணலாம். தோட்டக்கலையின் முதற் பாடம் மண்வெட்டியில் இல்லை, பார்வையில் இருக்கிறது.

இனி, எச் செடிகளை நடலாம்? நம் காடுகளே வழி காட்டுகின்றன. சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்திக் காட்டினுள் சென்று நோக்கினால், காடு அடுக்கடுக்காக அமைந்திருப்பதைக் காணலாம். மேலே மரம், அதன் கீழே சிறுமரமும் புதரும், அவற்றைப் பற்றிப் படரும் கொடி, அடியில் பூண்டும் கிழங்கும். ஒவ்வொன்றும் தனக்குக் கிடைத்த ஒளி போதும் என்று வாழ்கிறது. நிழலில் வாழ்வன இலையை அகல விரித்துச் சிந்தும் ஒளியையும் சேர்த்துக் கொள்கின்றன. இவ் வடுக்கு முறையை நம் தோட்டத்திலும் பின்பற்றலாம்.

மர நிழல் இல்லாத இடத்தில் முதலில் மரம் வேண்டும். உப்பேறிய மண்ணைத் தாங்கும் நம் மரங்கள் புங்கம், பூவரசு, வேம்பு ஆகியன. புங்கத்தின் தளிர் கோடையின் தொடக்கத்திலேயே பளபளத்து, வெயில் கொடுமை முற்றுமுன் நிழற்பந்தல் அமைத்துவிடும். அதன் தழை உரமாகும், விதை எண்ணெயாகும்.

மரத்தின் கீழ் நடத்தக்க புதர்ச்செடிகளுள் முதலிடம் ஆடாதொடைக்கு உரியது. ஆடு தொடாத இலை என்பதே அதன் பெயர்க்காரணம் என்பர். ஆடு திரியும் ஊர்களில் இதனைவிட ஏற்ற வேலி எது? முழு வெயிலிலும் வளரும். அரை நிழலிலும் வளரும். அதன் இலை இருமலுக்கு மருந்து. பாட வராத நாவையும் அது பாட வைக்கும் என்று நாட்டார் புகழ்வர். ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்னும் பொருளை ஆராய்ந்தே, புரோமெக்சின் என்னும் மேனாட்டு இருமல் மருந்தை உருவாக்கினர். மருத்துவமனையில் வாங்கிக் குடிக்கும் மருந்தின் மூலம் மதிலோரத்திலேயே நிற்கக்கூடும் என்பதை எத்துணைப் பேர் அறிவர்?

கறிவேப்பிலை அரை நிழலில் நன்கு தழைக்கும். சமையலுக்கு ஒரு கொத்துக் கிள்ளியபின் எஞ்சிய இலைகளில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். அதன் புழு சில இலைகளைத் தின்னும், தின்னட்டும். அதே குடும்பத்தைச் சார்ந்த குருந்தும் நம் வறண்ட காடுகளின் சிறுமரம். மின்னும் இலையும் மணமுள்ள வெண்பூவும் உடையது. வெட்சியும் நந்தியாவட்டையும் ஓரளவு ஒளி கிடைக்கும் நிழலில் பூக்கும். புள்ளி நிழலின் விளிம்பில் நொச்சியை வைக்கலாம்; அதன் இலைப்புகை கொசுவை விரட்டும்.

கொடிகளுள் சீந்தில் மரத்தைப் பற்றி ஏறும்; தண்ணீர்விட்டான் கொடி மெல்லிய இழை போன்ற இலைகளோடு வேலியில் படரும். மண்ணுக்கடியில் கிழங்குகளில் நீரைச் சேமித்து வைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆதலின் வறள் நிழலைப் பொறுக்கும். காட்டுமல்லிகை வெண்பூவால் மணம் பரப்பும். தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள், மழைக் காலத்தில் புதரின் நிழலிலிருந்து எழுந்து ஒளியை நோக்கி ஏறிச் சுடர்விடும். கோடையில் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. சிறு குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதனை நடுதல் ஆகாது. நம் செடி என்பதனால் எல்லாம் தீங்கற்றவை என்று எண்ணிவிடக் கூடாது.

அடியில் நடத் தக்கவை நிலவேம்பும் மருளும் வல்லாரையுமாம். நிலவேம்பு இரண்டடி, மூன்றடி உயரமே வளரும் சிறு செடி. மரநிழல் அதற்குப் பகையன்று. டெங்குக் காய்ச்சல் பரவிய காலங்களில் அரசு மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீர் வழங்கப்பட்டதை நாம் அறிவோம். குழாயடியின் ஈர நிழலில் வல்லாரை தரைவிரிப்புப் போலப் படரும். பழங்கிணற்றின் சுவரிடுக்கில் தானே முளைக்கும் பெரணியையும் அதன் அருகே வைக்கலாம்.

மருளைப் பற்றித் தனியே ஒரு சொல் கூறவேண்டும். வாள் போன்ற தடித்த இலைகளும் அவற்றில் பச்சை வரிகளும் உடைய செடி அது. முட்புதரின் நிழலில் நீரின்றியும் வாழும். அதன் நாரை வில்லுக்கு நாணாக்கினர் முன்னோர். இன்று அதன் ஆப்பிரிக்க உறவுச் செடியைப் பீங்கான் தொட்டியில் வைத்து நகரத்துக் கடைகள் விற்கின்றன. நாமும் நூற்றுக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குகிறோம். தண்ணீர்விட்டான் கொடியின் ஆப்பிரிக்க உறவும் அவ்வாறே விற்பனையாகிறது. அழகு ஒன்றே, குணமும் ஒன்றே. வேறுபாடு, ஒன்று நமக்குத் தெரியும், மற்றொன்று தெரியாது என்பதுதான். தெரியாதது எதுவோ அது நம் ஊரினது! இதனைவிட வருந்தத்தக்க அறியாமை வேறு உண்டோ?

இங்கே ஒரு கேள்வி எழும். "செடிக்கு நாடும் எல்லையும் உண்டோ? அழகாயிருந்தால் எங்கிருந்து வந்தால் என்ன?" என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. நாம் நாள்தோறும் உண்ணும் மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. பப்பாளியும் கொய்யாவும் அவ்வாறே. புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. இவற்றையெல்லாம் விலக்க வேண்டும் என்று எவரும் கூறார். வெளியிலிருந்து வந்தது என்பது ஒன்றே குற்றம் ஆகாது. வந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்பதே கேள்வி. மிளகாய் நம் வயலில் நாம் நட்ட இடத்தில் நின்றது. எல்லாச் செடிகளும் அவ்வாறு நிற்பதில்லை.

உண்ணிச்செடியின் கதையைக் கேளுங்கள். வண்ணப் பூங்கொத்துக்காக அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நிலத்திலிருந்து இந்தியத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தனர். இன்று அது தமிழ்நாட்டுக் காடுகளின் அடித்தளத்தை மூடிப் பரவியுள்ளது. புல் முளைக்க இடமில்லை. மானுக்கு மேய்ச்சல் இல்லை. தோட்டத்துக்குச் செடி தேர்ந்தவர் செய்த பிழையைக் காடு சுமக்கிறது. சீமைக்கருவேலமும் அத்தகையதே. ஏழைக்கு விறகும் கரியும் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆற்றுப்படுகையையும் ஏரியையும் கவர்ந்து கொண்டது. விரைவில் பசுமை காட்டுகிறது என்று அண்மைக் காலத்தில் சாலையோரங்களில் நட்ட கோனோகார்பசு மரத்தைக் குசராத்து அரசு 2023இலும், தமிழ்நாட்டு அரசு 2025இலும் தடை செய்தன. நடுவதற்கு ஒரு நாள் போதும். களைவதற்கு ஒரு தலைமுறையும் போதாது. அயற்செடிகளின் பரவலைத் தடுக்கத் தமிழ்நாட்டு அரசு 2022இல் ஒரு கொள்கையையே வகுத்தது என்றால், இழப்பின் அளவை ஊகித்துக் கொள்ளலாம்.

"நம் செடிகள் பகட்டாயில்லை" என்பது அடுத்த குறை. அரிய வண்ண இலைகளைக் கண்டு பழகிய கண்ணுக்கு ஆடாதொடை எளிமையாகத் தோன்றுவது உண்மை. ஆனால் தோட்டம் என்பது இலைகளின் கண்காட்சி மட்டுமன்று. உயிர்கள் கூடும் இடம். கடையில் வாங்கிய அயற்செடி பலவற்றின் இலையை நம் புழு தின்னாது. புழு இல்லாத இடத்தில் வண்ணத்துப்பூச்சி பிறவாது. சிட்டுக்குத் தன் குஞ்சுக்கு ஊட்ட இரை இராது. அச் செடி ஆண்டு முழுதும் மாசு மறுவின்றிப் பளபளக்கும். ஆனால் அதனைச் சுற்றி ஓசை இராது. ஈசுவரமூலிக் கொடி நட்ட வேலியிலோ செந்நிற உடலுடைய வண்ணத்துப்பூச்சி முட்டையிட வரும். ஆடாதொடைப் பூவில் தேன்சிட்டு வந்து தொங்கும். அகன்ற இலையைக் கண்டால் தையற்சிட்டு நாரால் தைத்துக் கூடு அமைக்கும். பூவின் நிறம் சில நாளில் வாடும். இவ் வரவுகளின் அழகு வாடுவதில்லை.

பயன், உயிர், நீர் என்னும் மூன்றோடு நான்காவது காரணமும் ஒன்று உண்டு. அது மொழி. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களை அடுக்கிக் கூறுகிறார். காந்தளும் வெட்சியும் ஆவிரையும் குருந்தும் அவற்றுள் இடம் பெறுகின்றன. வெட்சி சூடி ஆநிரை கவர்தலும், நொச்சி சூடி மதில் காத்தலும் பண்டைத் தமிழர் போர்மரபு. வேலூர்க் கோட்டையின் கருங்கல் மதிலைக் கண்டு வியக்கும் மாணவன், மதில் காத்தவர் சூடிய நொச்சியைக் கண்டதில்லை என்றால், அவன் படித்த இலக்கணம் ஏட்டளவில் நின்றுவிடும். பள்ளி மதிலோரத்தில் ஒரு நொச்சி நின்றால் அப் பாடம் உயிர் பெறும். செடி மறைந்தால் பெயர் மறையும். பெயர் மறைந்தால் அச் செடியைத் தேடுவாரும் இரார்.

ஆயினும் பற்று மிகுதியால் பிழை செய்துவிடக் கூடாது. ஆவாரை நம் செடிதான். இவ் வட்டாரத்தை வாழவைத்த செடிதான். போகி நாளில் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டும் சிறப்பும் அதற்கு உண்டு. ஆனால் அது வெயில் விரும்பி. அதனை நிழலில் நட்டால் நெடிது மெலிந்து, பூவின்றி நிற்கும். அதற்கு உரிய இடம் நிழல் முடியும் எல்லை. சாலையோரத்து வெயில் வெளி. நம் செடி என்னும் அன்பு மட்டும் போதாது. அதன் இயல்பை அறிதலும் வேண்டும்.

செடியை எங்கிருந்து பெறுவது என்பதும் கருதத் தக்கது. காட்டுக்குச் சென்று வேரோடு பிடுங்கி வருதல் கூடாது. மருந்துச் செடிகள் பல அவ்வாறு பிடுங்கப்பட்டே அருகி வருகின்றன. ஊர்ப் பெரியவர் வேலியில் உள்ளதிலிருந்து ஒரு குச்சி கேட்டால் மறுப்பார் இல்லை. ஆடாதொடையும் நொச்சியும் சீந்திலும் குச்சியிலேயே வேர் விடும். நிலவேம்பை விதையால் பெருக்கலாம். மருளைக் கிழங்கு பிரித்து நடலாம். மரக்கன்றுகளுக்கு வனத்துறை நாற்றங்கால்கள் உள்ளன. சவ்வாது மலையின் செல்வமாகிய சந்தனத்தையும் வளர்க்கலாம்; அது இளமையில் அரை நிழலை நாடும்; துவரை போன்ற அயற்செடியின் வேரிலிருந்து உணவில் ஒரு பகுதியைப் பெற்று வளரும். தம் நிலத்துச் சந்தன மரத்துக்கு உரிமையாளர் தாமே என்று 2002இல் தமிழ்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. எனினும் அதனை வெட்டுதற்கு வனத்துறையின் இசைவு வேண்டும்.

நடும் காலம் மழைக்காலம். இவ் வட்டாரத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆடி மழையில் குழி எடுத்து, ஐப்பசி மழையில் வேர் பிடிக்கச் செய்தால் அடுத்த கோடையைச் செடி தாங்கும். கிணற்று நீர் உப்பாயிருக்கும் ஊர்களில் கூரை நீரைத் தோட்டத்தின் வழியே மண்ணுக்குள் இறக்க வேண்டும். கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாக்கப்பட்டது; அந் நீர் உப்பைக் கரைத்து வேரடியிலிருந்து கீழே கொண்டுசெல்லும். மரத்தடியில் ஆழக் கொத்தி வேரை அறுத்தல் ஆகாது. உதிர்ந்த சருகைக் கூட்டி எரித்தலும் ஆகாது. சருகு மண்ணின் போர்வை. அதனை எரிப்பவர் தம் தோட்டத்தின் உணவையே எரிக்கின்றனர்.

இத்தகைய நிழல் தோட்டங்கள் பள்ளிகளுக்கு மட்டும் உரியன அல்ல. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருந்திரளாகப் பணி புரிகின்றனர். நண்பகல் உணவு வேளையில் அவர்கள் அமர்வதற்கு ஒரு நிழல் வேண்டும். தொழிற்சாலையின் முகப்பில் நாள்தோறும் நீரைக் குடிக்கும் புல்தரை அமைப்பதனினும், பின்புறத்தில் புங்க நிழலும் அதன் கீழ் ஆடாதொடையும் வெட்சியும் அமைத்தல் மேலானது. புல்தரை வருவோர் கண்டு செல்வதற்கு. நிழல் இருப்போர் இளைப்பாறுவதற்கு. உழைத்து வாழும் ஊருக்கு எது வேண்டும் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

மாணவர்களே! நிலம் நமக்கு மட்டும் சொந்தமன்று. முன்னோர் விட்டுச் சென்ற மண்ணில் ஒரு பகுதி கெட்டது. கெட்டதற்குக் காரணம் எதுவாயினும் அதைத் திருத்தும் கடமை உங்கள் தலைமுறையையும் சார்ந்தது. பெரிய திருத்தங்களை அரசும் நீதிமன்றமும் அறிஞரும் செய்யட்டும். உங்கள் பள்ளியின் மதிலோரத்தில் வெயில் படாத ஓரிடம் இருக்கும். அங்கே கிடக்கும் தகரத்தை அகற்றுங்கள். நிழல் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பின்பு நம் வேலியிலிருந்து ஒரு குச்சி கொண்டுவந்து ஊன்றுங்கள். அது தளிர்த்தபின் அதன் பெயரைத் தமிழில் எழுதி, அருகே ஒரு பலகையில் தொங்க விடுங்கள். அடுத்த ஆண்டு அவ் வகுப்பில் வந்து சேரும் சிறுவன் அப் பெயரைப் படிப்பான்.